சில்வண்டின் சிறகும் மருத்துவமனைக் குழாயும்



இரவெல்லாம் மழை கொட்டி விடியற்காலையில் ஓய்ந்திருக்கும். லயத்துக்குப் பின்புறம் வாய்க்கால் ஓரமாகச் சேம்பு தழைத்து நிற்கும். சேம்பு என்றால் புரியாத பிள்ளைகளுக்கும் கெலாடி என்றால் புரிந்துவிடும். அந்த இலையின் நடுவில் ஒரு கைப்பிடித் தண்ணீர் முத்துப்போல் திரண்டு கிடக்கும். காற்று கொஞ்சம் அசைத்தால் உருளும். இலையைச் சாய்த்தால் அவ்வளவு நீரும் ஒரே உருண்டையாக ஓடிக் கீழே விழும். இலையில் அது கிடந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரமே இருக்காது.

நம் முன்னோர் இதே காட்சியைத் தாமரைக் குளத்தில் கண்டார்கள். பட்டும் படாமலும் வாழ்கிறவனைத் தாமரை இலைத் தண்ணீர் என்றார்கள். மலாய்க்காரர்கள் கெலாடி இலையில் கண்டார்கள். எத்தனை புத்தி சொன்னாலும் மண்டையில் ஏறாதவனைக் கெலாடி இலையில் தண்ணீர் ஊற்றிய கதை என்கிறார்கள். ஒருவருக்கு உயர்ந்த குணமாகத் தெரிந்தது மற்றவருக்கு வசையாகத் தெரிந்திருக்கிறது! அது போகட்டும். விஞ்ஞானிகள் வேறொன்று கேட்டார்கள். இலையில் நீர் ஏன் ஒட்டவில்லை? நீரும் அழுக்கும் ஒட்டாத மேற்பரப்பு ஒன்றை ஓர் இலையால் செய்ய முடியுமானால், நம்மால் செய்ய முடியாதா? கிருமியும் ஒட்டாத பரப்பைச் செய்தால் எத்தனை உயிர் பிழைக்கும்?

இன்றைய உரையில் இந்தக் கேள்வியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

முதலில் ஓர் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு 1 நானோமீட்டர். கேட்டவுடன் மனத்தில் நிற்காது. ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல் நகம் வளர்ந்துகொண்டே இருக்கிறது அல்லவா? அது ஒரு வினாடியில் வளர்வது ஏறத்தாழ 1 நானோமீட்டர். நாம் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் பத்து நகங்களும் ஐந்தாறு நானோமீட்டர் வளர்ந்துவிட்டன.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்லலாம். மங்கில் வடியும் ரப்பர் பால் வெள்ளையாக இருப்பது ஏன்? நீரில் கோடிக்கணக்கான ரப்பர் உருண்டைகள் மிதக்கின்றன. சிறியவை 20 நானோமீட்டர், பெரியவை 3,000 நானோமீட்டர் வரை இருக்கும். நோய்க்கிருமிகளில் பாக்டீரியா என்ற இனம் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 நானோமீட்டர் நீளம். அதாவது, பால் உருண்டைகளில் கொஞ்சம் பருத்த ஒன்றும் ஒரு பாக்டீரியாவும் அருகருகே நின்றால் உயரத்தில் அதிக வேற்றுமை இராது. இந்த உலகத்தில் நடப்பதைத்தான் இனிமேல் பேசப்போகிறோம்.

ஜெர்மனி நாட்டில் வில்ஹெல்ம் பார்த்லோட் என்ற தாவரவியலார் இருக்கிறார். 1970களில் அவர் இலைகளின் மேற்பரப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். எந்த இலையானாலும் தூசியைக் கழுவித் துடைத்த பிறகுதான் பார்க்க முடியும். ஆனால் சில இலைகளைக் கழுவ வேண்டிய தேவையே ஏற்படவில்லை. இதை அவர் கவனித்தார். இன்னும் பெரிய வேடிக்கை, சுத்தமாக இருந்த அந்த இலைகள் வழுவழுப்பானவை அல்ல. நுண்ணோக்கியில் கரடுமுரடாகத் தெரிந்தன. நாம் எல்லாரும் என்ன நினைப்போம்? வழவழவென்று இருந்தால் அழுக்குப் படியாது, சொரசொரப்பானால் படியும் என்றுதானே? இயற்கை தலைகீழாகச் செய்திருக்கிறது.

தாமரை இலையில் நுண்ணிய மேடுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொரு மேட்டின்மீதும் மெழுகினால் ஆன இன்னும் நுண்ணிய குழல்கள் புல்போல் முளைத்திருக்கின்றன. அவற்றின் தடிமன் 100 நானோமீட்டர் அளவு. மெழுகு இயல்பாகவே தண்ணீரை வெறுக்கும். அத்துடன் மேடுகளுக்கு நடுவில் காற்று சிக்கிக்கொள்கிறது. விழுகின்ற துளி மேடுகளின் நுனியில்தான் உட்காருகிறது. பெரும்பகுதி காற்றின்மீதே மிதக்கிறது. ஆகவே அது பரவ முடியாமல் பந்தாகிறது. தூசியும் அந்த நுனிகளில்தான் தொட்டும் தொடாமலும் கிடக்கிறது. உருளும் துளி தூசியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு போய்விடுகிறது. கெலாடி இலையிலும் இதே ஏற்பாடுதான்.

பிள்ளைகள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கெலாடி இலையைப் பறித்து, பாதி இலையைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு இரண்டு பாதியிலும் தண்ணீர் தெளியுங்கள். தேய்க்காத பாதியில் நீர் உருளும். தேய்த்த பாதியில் அப்பிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த மெழுகுப் புல்லை உங்கள் விரல் சாய்த்துவிட்டது. இலையின் சாறு அரிக்கும். கையைக் கழுவிக்கொள்ள மறக்க வேண்டாம்.

பார்த்லோட்டும் அவருடைய துணை ஆய்வாளரும் 1997இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். 1999இல் லோட்டுசான் என்ற வீட்டுச் சுவர் சாயம் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மழை பெய்தால் சுவர் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது அதன் சிறப்பு. சுவர் சுத்தமாவது நல்லதுதான். ஆனால் நமக்கு இதைக் காட்டிலும் நெருக்கமான கவலை ஒன்று இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டு மண்டோராக இருந்தவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. எழுந்து நடமாட முடியாத நிலையில் சிறுநீர் கழிக்கக் குழாய் வைத்தார்கள். எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. எலும்பு கூடிவந்த மனிதர் சிறுநீர்க் கிருமியால் மேலும் மூன்று வாரம் கட்டிலில் கிடந்தார். அவருடைய மனைவி நம்மிடம், “காலுக்குப் போனவரு குழாயால படுத்துட்டாரு” என்றார். இதில் யாருடைய பிழையும் இல்லை. சிறுநீர்ப்பையில் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குப் புதிதாகக் கிருமி தொற்றுவதாக மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாள் கூடக்கூட ஆபத்தும் கூடிக்கொண்டே போகும். குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று தாதியர் சொல்வது இதனால்தான்.

அந்தக் குழாயின் கதையில் நமக்கும் பங்குண்டு. நுனியில் சிறு பலூன் வைத்த அந்தக் கதீட்டரை 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி வடிவமைத்தார். அதைச் செய்தது ரப்பர் பாலில். இன்று சிலிக்கோனிலும் செய்கிறார்கள் என்றாலும் ரப்பர் பால் குழாய்கள் மறைந்துவிடவில்லை. மருத்துவக் கையுறையிலும் கதீட்டரிலும் உலகத்தின் முன்னணி உற்பத்தி நாடுகளில் ஒன்று மலேசியா. நாம் இருட்டில் நெற்றி விளக்குடன் போய் வெட்டிய பால், எங்கோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் உடலுக்குள் இருக்கிறது.

கிருமி அந்தக் குழாயில் என்ன செய்கிறது? முதலில் ஒன்றிரண்டு வந்து ஒட்டுகின்றன. ஒட்டியதும் பெருகுகின்றன. கூட்டம் சேர்ந்தவுடன் கோழைபோன்ற ஒரு பசையைச் சுரந்து தம்மை மூடிக்கொள்கின்றன. நீண்ட நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தைத் தடவினால் கையில் வழுக்குமே, அதுதான் இது. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டாது. மருந்தைக் கூட்டினாலோ, தப்பிப் பிழைக்கும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. 1928இல் பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1940களிலேயே அதற்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் தலைகாட்டிவிட்டன. புது மருந்து, புது எதிர்ப்பு என்று இந்த ஓட்டப்பந்தயம் இன்றுவரை நிற்கவில்லை. ஆகவேதான், ஒட்டிய பிறகு கொல்வதைவிட ஒட்டவே விடாமல் செய்ய முடியுமா என்று பலர் யோசித்தார்கள்.

இதில் முதல் துப்பு கடலிலிருந்து வந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசு என்னும் சிப்பி போன்ற உயிர்களும் அப்பிக்கொள்ளும். கப்பல் வேகம் குறையும், எண்ணெய் செலவு கூடும். இதைத் தடுக்க அமெரிக்கக் கடற்படை வழி தேடிற்று. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோணி பிரென்னன் என்ற பொறியியலாளர் 2002இல் ஹவாய்த் தீவின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்துக்குப் போயிருந்தார். பாசி படிந்த நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மெல்ல மெல்லத் துறைக்குள் வந்தது. திமிங்கிலம் வருவதுபோல் இருந்ததாம். திமிங்கிலத்தின் உடம்பிலும் கொட்டலசு ஒட்டும். அப்படியானால் கடலில் எதன்மீது ஒட்டுவதில்லை? சுறாவின்மீது!

சுறா வெட்டிய தாய்மார்களுக்குத் தெரியும்; அதன் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் ஒன்றும் இல்லை, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள்போல் கையை உரசும். அந்தத் தோலில் பற்களைப் போன்ற நுண்செதில்கள் ஓட்டுக்கூரைபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் வரப்புகள். பிரென்னன் குழுவினர் அந்த வரப்பு முறையை எடுத்துக்கொண்டு, தங்கள் கணக்குப்படி சிறியதாக்கினார்கள். வரப்பின் உயரம் 3 மைக்ரோமீட்டர், அகலம் 2 மைக்ரோமீட்டர், இடைவெளி 2 மைக்ரோமீட்டர். 1 மைக்ரோமீட்டர் என்பது 1,000 நானோமீட்டர். ஆக, இது நானோவைவிடக் கொஞ்சம் பெரிய அளவு. இந்தப் பரப்புக்கு ஷார்க்லெட் என்று பெயர் வைத்தார்கள்.

2007இல் வெளியான சோதனை ஒன்றில், புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை வழுவழுப்பான பரப்பிலும் ஷார்க்லெட் பரப்பிலும் வளரவிட்டார்கள். பதினான்காம் நாள் பார்த்தபோது வழுவழுப்பான பரப்பில் நூற்றுக்கு 54 பங்கைக் கிருமி மூடியிருந்தது. மற்றதில் நூற்றுக்கு 7 பங்கு. கவனியுங்கள்; இங்கே மருந்து எதுவும் பூசவில்லை. வரப்பும் பள்ளமுமாக இருந்த இடத்தில் கிருமிகளுக்கு ஒன்றுகூடிக் குடியேற வசதிப்படவில்லை, அவ்வளவுதான். முழுவதும் நின்றுவிடவில்லை, தாமதமாகியிருக்கிறது. குழாயை நான்கு நாளில் எடுத்துவிடப்போகும் நோயாளிக்கு அந்தத் தாமதமே பெரிய லாபம்.

சுறா கிருமியை ஒட்டவிடாமல் தள்ளிவைக்கிறது. சில்வண்டு ஒரு படி மேலே போய்க் கொல்லுகிறது.

சில்வண்டை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? மாலை ஆறு மணிக்குக் காட்டோரத்தில் அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் காதில் விழாது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அதன் சிறகை நாம் சிறுவயதில் புத்தகத்துக்குள் வைத்து விளையாடியிருக்கிறோம். அந்தச் சிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணாடிபோல் இல்லை. வரிசைவரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. உயரம் சுமார் 200 நானோமீட்டர். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே சுமார் 170 நானோமீட்டர். ஒரு பாக்டீரியா அதன்மேல் படுத்தால் அதன் வயிற்றுக்கடியில் பத்துக்கணக்கில் தூண்கள் இருக்கும். நம் பழங்கதைகளில் அம்புப் படுக்கை உண்டு. இது அதைவிட நெருக்கமான படுக்கை.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலெனா இவானோவாவும் ரஸல் கிராஃபோர்டும் அந்நாட்டுச் சில்வண்டு ஒன்றின் சிறகை ஆராய்ந்தார்கள். அழுக்கு ஒட்டாத சிறகு கிருமியையும் ஒட்டவிடாது என்றே எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. கிருமி தாராளமாக வந்து ஒட்டிற்று. ஆனால் ஒட்டிய கிருமி சில நிமிடங்களில் செத்துக் கிடந்தது! அது சாதாரணக் கிருமியும் அன்று. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற, தீப்புண்ணிலும் கதீட்டரிலும் புகுந்து தொல்லை தருகின்ற, மருந்துக்கு லேசில் மசியாத இனம். இந்த முடிவு 2012இல் வெளிவந்தது.

உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். சிறகில் ஏதாவது நஞ்சு இருக்கிறதோ? அவர்களுக்கும் அதே ஐயம்தான். அதைத் தீர்க்க அவர்கள் செய்த சோதனை நமக்கு மிகவும் பிடித்தது. சிறகின்மீது 10 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசினார்கள். தூண்களின் உருவம் மாறவில்லை, ஆனால் மேலே இருப்பது இப்போது தங்கம். சிறகில் நஞ்சு இருந்தால் அது தங்கத்தின் அடியில் புதைந்துபோயிருக்கும். கிருமியை விட்டார்கள். அது முன்போலவே செத்தது. ஆக, கொல்வது பொருள் அல்ல, உருவம்! பொன்னால் செய்தாலும் கத்தி கத்திதான் என்பதுபோல.

தூண்கள் கிருமியைக் குத்திக் கிழிக்கின்றன என்றே முதலில் நாமும் நினைத்தோம். 2013இல் அதே குழுவினர் கணக்குப் போட்டு வேறு விளக்கம் தந்தார்கள். புதிதாக உருட்டிய ஈரமான ரப்பர் ஷீட் ஒன்றை, நெருக்கமாக நட்ட மூங்கில் முளைகளின்மேல் விரித்து ஒட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஷீட் முளைகளைச் சுற்றிப் படிந்து ஒட்ட ஒட்ட, இரண்டு முளைகளுக்கு நடுவில் தொங்கும் பகுதி இழுபடும். இழுவை தாங்காமல் அந்த நடுப்பகுதிதான் முதலில் கிழியும், முளை தொட்ட இடம் அன்று. கிருமியின் தோலுக்கும் இதே கதி. ஒட்டிக்கொள்ளும் ஆசையே அதற்கு எமனாகிறது.

இந்த விளக்கம் சரியா என்று பார்க்கவும் வழி இருந்தது. தடித்த சுவர் கொண்ட கிருமிகளைச் சில்வண்டுச் சிறகால் கொல்ல முடியவில்லை. தடித்த ஷீட் எளிதில் இழுபடாது அல்லவா? அத்தகைய கிருமிகளை மைக்ரோவேவ் கதிரில் காட்டி அவற்றின் விறைப்பைக் குறைத்தார்கள். பிறகு சிறகில் விட்டார்கள். இப்போது அவையும் செத்தன.

மருந்துக்குக் கிருமி பழகுவதுபோல் இதற்கும் பழகிவிடாதா? மருந்து, கிருமிக்குள் ஏதோ ஒரு வேலையைத் தடுத்துக் கொல்கிறது. கிருமி அந்த வேலையை மாற்றிச் செய்யக் கற்றுக்கொண்டால் மருந்து செல்லாக்காசு. ஆனால் இழுபட்டுக் கிழிவதைத் தடுக்க வேண்டுமானால் தன் தோலையே மாற்றிக் கட்ட வேண்டும். அது அவ்வளவு எளிதன்று. மருத்துவ உலகம் இந்தச் சிறகை ஆவலுடன் பார்ப்பதன் காரணம் இதுவே.

சில்வண்டால் முடியாததைத் தட்டான்பூச்சி முடித்தது. தட்டானின் சிறகில் இருப்பவை ஒரே உயரத் தூண்கள் அல்ல, உயர்வும் தாழ்வுமான ஊசிகள். அதைப்போன்ற பரப்பு மனிதன் செய்த பொருள் ஒன்றில் ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கருஞ்சிலிக்கன் என்று பெயர். சிலிக்கன் தகட்டை வாயுக்களின் மின்பொறிக் கலவையால் அரித்தால் இது கிடைக்கும். மண் சரிவில் பெருமழை அடித்த மறுநாள் பார்த்திருக்கிறீர்களா? சிறு கல் கிடந்த இடத்தில் மட்டும் மண் கரையாமல், கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு குட்டித் தூண்களாக நிற்கும். சிலிக்கன் தகட்டில் அரிபடாத நுண்துகள்கள் அந்தக் கல்லின் வேலையைச் செய்கின்றன. மிஞ்சி நிற்பவை சுமார் 500 நானோமீட்டர் உயரமுள்ள ஊசிகள். 2013இல் இவானோவா குழுவினர் இந்தக் கருஞ்சிலிக்கனில் கிருமிகளை விட்டார்கள். மெல்லிய தோலுடையது, தடித்த சுவருடையது, ஏன், கடினமான ஓட்டுக்குள் உறங்கும் விதைக்கிருமிகூட மடிந்தது. பூச்சியின் சிறகு இல்லாமலே, மனிதன் செய்த தகட்டாலும் இது முடியும் என்று அன்று தெளிவாயிற்று.

சிலிக்கன் தகட்டை உடம்புக்குள் வைக்க முடியாது. நம் மண்டோருக்கு வைத்ததுபோன்ற எலும்புத் துணைகளில் பெரும்பாலும் டைட்டானியம் என்ற உலோகமே பயன்படுகிறது. டைட்டானியத்தைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து அழுத்தத்தில் சூடேற்றினால் அதன்மேல் நானோ அளவில் முட்கள் எழுகின்றன. ஆய்வுக்கூடத்தில் இந்த முட்கள் கிருமிகளைக் கொன்றன. மனிதத் திசுவின் செல்களோ அவற்றின்மேல் நலமாக வளர்ந்தன. நம் செல் பாக்டீரியாவைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. யானை நெருஞ்சிக் காட்டில் நடப்பதைப்போல் அது நடந்துவிடுகிறது.

இனி நம் நாட்டுக் காட்டுக்கு வருவோம். சதுப்பு ஓரங்களிலும் மலைச்சரிவுகளிலும் பெரியோக் கெரா என்ற செடி உண்டு. குரங்குப் பானை என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். சில ஊர்களில் அந்தப் பானைக்குள் புளுட் அரிசி வைத்து வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். செடிக்கோ பானை வேறு காரியத்துக்கு. அதன் விளிம்பில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் உள்ளன. அவை நனைந்தால் நீர் படலமாகப் பரவி நிற்கும். தேன் குடிக்க வந்த எறும்பு கால் வைப்பது செடியின்மேல் அன்று, நீரின்மேல். அப்படியே சறுக்கிப் பானைக்குள் விழுந்து செடிக்கு உணவாகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோஆனா ஐசன்பெர்க் தலைமையிலான குழு 2011இல் இதைப் பின்பற்றியது. நுண்துளைகள் நிறைந்த பரப்பில் ஒருவகை எண்ணெயை ஊறவைத்தார்கள். அது துளைகளில் தங்கி, மேலே படலமாக நின்றது. நீர், எண்ணெய், இரத்தம், எறும்பு எல்லாம் அதில் சறுக்கின. 2014இல் இதன் தொடர்ச்சியாக மருத்துவக் குழாய்களின் உட்புறத்தில் அத்தகைய திரவப் படலத்தைப் பூசி, பன்றிகளின் உடலிலிருந்து இரத்தம் அந்தக் குழாய் வழியே ஓடித் திரும்பும்படி செய்தார்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எட்டு மணி நேரம் குழாய் அடைபடவில்லை. அந்தப் பரப்பில் ஒரு பல்லியையும் விட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிச் சுவரில் ஏறுகிற பல்லி அதில் பிடிப்பில்லாமல் சறுக்கிற்று!

நாம் இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிடக் கூடுதலாக இருக்கிறது. நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதானவர்கள் நம் உறவிலேயே எத்தனை பேர்! வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அவர்களுடைய இரத்தம் குழாய்கள் வழியே எந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது. அந்த நேரத்தில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். மருந்து தேவையே, ஆனால் அதனால் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு. பானைச் செடியைப் பின்பற்றிய குழாய் அந்த மருந்தைக் குறைக்க உதவலாம் என்பதே ஆய்வாளர்களின் எண்ணம்.

பல்லி என்றவுடன் அதன் கால் நினைவுக்கு வருகிறது. அதன் பாதத்தில் இலட்சக்கணக்கான நுண்முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிந்து 200 நானோமீட்டர் அகலத் தட்டுகளாக முடிகிறது. பசை எதுவும் இல்லாமல், மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பே அதைச் சுவரில் நிறுத்துகிறது. இதைப் பார்த்து, காயத்தை மூடி ஒட்டித் தானே கரைந்துபோகும் நாடா ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் எலிகளில் சோதித்தார்கள். அந்துப்பூச்சியின் கண்ணிலும் இத்தகைய மேடுகள் உள்ளன. ஒளி பட்டால் திரும்பித் தெறிக்காது. சூரிய ஒளித் தகடுகளுக்கும் கூசாத திரைகளுக்கும் அதிலிருந்தே வழி பிறந்தது. கருஞ்சிலிக்கன் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். சுறாத்தோலின் வரப்பைப்போன்ற படலத்தை 2022 முதல் சில பெரிய விமானங்களின்மேல் ஒட்டிப் பறக்கவிடுகிறார்கள். எரிபொருள் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் மிச்சமாகிறது.

இடையில் ஒரு வார்த்தை. நானோ என்ற சொல்லைக் கேட்டதும் காது கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, நானோ வளையல், நானோ தண்ணீர், நானோ அட்டை என்று வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நாம் இன்று பேசிய சிறகுக்கும் அந்த வளையலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. முந்நூறு வெள்ளி கொடுத்து அதை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு நீரிழிவு மாத்திரையை நிறுத்திய ஒருவரை நமக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தும் நம் மருத்துவமனைகளில் எல்லாக் குழாயிலும் சில்வண்டுத் தூண்கள் ஏன் இல்லை? தடைகள் இருக்கின்றன. கட்டைவிரலால் தேய்த்ததும் கெலாடி இலை கெட்டுப்போனதைப் பார்த்தோம். நானோத் தூண்களும் அப்படியே உரசினால் முறியக்கூடியவை. ஒரு கைவிரல் அகலத் தகட்டில் செய்வது வேறு, ஆலையில் மணிக்கு ஆயிரக்கணக்கில் இறங்கும் குழாயின் உள்ளும் புறமும் செய்வது வேறு. விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும்.

இன்னொரு தடை விந்தையானது. செத்த கிருமி எங்கே போகும்? தூண்களின்மேலேயே கிடக்கும். பிணங்கள் அடுக்கடுக்காகப் படிந்தால் அடுத்து வருகிற கிருமிக்குக் கீழே உள்ள தூண் தெரியாது. மெத்தைமேல் படுத்தாற்போல் சௌகரியமாகப் பெருகும். சில்வண்டு இதற்கும் வழி வைத்திருக்கிறது. விடியற்காலைப் பனி அதன் சிறகில் நுண்துளிகளாகப் படிகிறது. பக்கத்துப் பக்கத்துத் துளிகள் இரண்டு ஒன்றாகச் சேரும்போது வெளிப்படும் விசையில் அந்தத் துளி தானாகவே துள்ளி எழுந்து சிறகைவிட்டுப் போகிறது, அழுக்கையும் சுமந்துகொண்டு. காற்றும் வேண்டாம், மழையும் வேண்டாம். 2013இல் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள்.

ஆனால் மனித உடம்புக்குள் பனி பெய்யாது. அதற்கு ஈடாக என்ன செய்வது என்பதில்தான் இப்போது ஆய்வுக்கூடங்கள் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கின்றன. சிறகோடு வெளியே வந்த சில்வண்டு சில வாரங்களே உயிர் வாழ்கிறது. அதன் சிறகு அதுவரை தாங்கினால் போதும். நம் மண்டோருடைய இடுப்பில் வைத்த உலோகமோ, அவர் பேரப்பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நடந்து போகும்வரை, இருபது ஆண்டாவது தாங்கியாக வேண்டும்.